எண்ணெய்ச்சட்டி வைக்காத வீடு

யமுனாவுக்கு இருபத்து நான்கு வயது. பெரிய கடை வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் நிற்கிறாள். நிற்கிறாள் என்று சும்மா சொல்லவில்லை. காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை நிற்கத்தான் வேண்டும். கடைப் பெண்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருக்கிறதாம். நாற்காலி போட்டிருக்கிறார்கள். அதில் புடவைப் பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன.

அவளும் அவள் புருஷன் வளவனும் பாலக்கரையில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார்கள். நான் நசீரா. என் வீட்டுக்காரர் தாஜுதீன் குவைத்தில் பத்தொன்பது வருஷம் லாரி ஓட்டிவிட்டு, சர்க்கரையும் முட்டி வலியும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர். மகள் இக்ராவைச் சென்னையில் கட்டிக் கொடுத்த பிறகு மாடி சும்மா கிடந்தது. போன வருஷம் கார்த்திகை மாதம், வயலூர் கோயிலில் தாலி கட்டிக்கொண்ட கையோடு, கல்யாண மாலையைப் பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வீடு கேட்டு வந்து நின்றார்கள். ஏழு தெருவில் கேட்டிருக்கிறார்கள். "ரெண்டு பேரும் என்ன ஆளுங்க?" என்று விசாரித்து, பதில் இரண்டு விதமாக வந்ததும் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. எங்களுக்கு வீடு கொடுக்க யோசிக்கிற தெருக்கள் இந்த ஊரில் எத்தனை என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

வளவன் பச்சைமலைக்காரன், ஏசி மெக்கானிக். கடையில் ஏசி பழுது பார்க்க வந்தவன், நான்கு நாள் வேலையை நாற்பது நாள் இழுத்தான் என்று யமுனா சொல்லிச் சிரிப்பாள். அவன் அப்பா அம்மா மலையில் மரவள்ளி போடுகிறவர்கள். இருக்கிற ஒரு பஸ்ஸைப் பிடித்துக் கல்யாணத்துக்கு வந்து, அட்சதை போட்டுவிட்டு, அடுத்த பஸ் போய்விடும் என்று சாப்பிடாமலே ஓடினார்களாம். யமுனாவின் ஊர் வையம்பட்டிப் பக்கம். அப்பா சின்னையன், அம்மா வீரம்மாள், கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், ஒரே பெண். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு காக்காய்கூடக் கல்யாணத்துக்கு வரவில்லை.

கல்யாணமான முதல் வருஷத்தில் இவர்களுக்கு எல்லாமே தலைதான். தலைப்பொங்கல், தலை ஆடி, தலைத் தீபாவளி. ஒவ்வொன்றுக்கும் பெண்ணைப் பெற்றவர்கள் சீர் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஊர் வாயை மூட முடியாது. எங்களில் முதல் நோன்புப் பெருநாளுக்குப் பெண் வீட்டில் பிரியாணி ஆக்கி மாப்பிள்ளையை அழைப்பார்கள். எனக்கு அதுவும் நடக்கவில்லை. கல்யாணம் முடிந்த நாற்பதாம் நாள் அவர் விமானம் ஏறிவிட்டார். நான்கு பெருநாள் புதுப்புடவை கட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். அதனாலோ என்னவோ, பண்டிகை வந்தாலே இந்தப் பெண்ணின் முகத்தைக் கவனிக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம், மதியம் வரை மட்டும் வேலை பார்த்துவிட்டு ஓர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். வெண்கலப் பானை, ஒரு கட்டுக் கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம். எல்லாவற்றையும் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இறக்கி வைத்தாள்.

"அக்கா, அவரு வந்ததும் எங்கப்பா ஆள்கிட்ட குடுத்து விட்டாங்கன்னு சொல்லிடுங்க."

"எனக்குப் பொய் வராது புள்ள."

"மாமா இனிப்பு கேக்கறப்போ தீந்துடுச்சுன்னு சொல்றீங்கல்ல, அதே மாதிரிதான்."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "என்னாலதான் உனக்குப் பொறந்த வீடு இல்லாமப் போச்சுன்னு தெனமும் சொல்றாரு அக்கா. சாப்பாட்டுல கைய வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்காரு. பாக்க முடியல" என்றாள்.

சொன்னேன். அல்லா மன்னிக்கட்டும், நன்றாகவே சொன்னேன். வளவன் அந்தப் பானையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கோவம் கொறஞ்சிருக்கு அக்கா, கொறையாம பானை வாங்குவாங்களா?" என்று என்னையே கேட்டான். மறுநாள் மாடியில் பொங்கல் பொங்கியபோது அவன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. மாமனாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று போன் நம்பர் கேட்டான். அப்பாவுக்குப் போனில் பேசக் கூச்சம் என்று யமுனா சொல்லிவிட்டாள்.

ஆடி வந்தது. ஆடி மாதம் புதுப்பெண் பிறந்த வீட்டில் இருக்க வேண்டும், புருஷனோடு சேர்ந்திருக்கக் கூடாது. அப்பா அழைத்ததாகவும், கடையில் ஆடித் தள்ளுபடி நடப்பதால் லீவு கிடையாது என்றும் சொல்லி, ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து கீழே இறங்கி வந்தாள். எங்கள் ஹால்தான் அந்த மாதம் அவளுக்குப் பிறந்த வீடு. வளவன் தினமும் பூ வாங்கி வந்து கதவுப் பிடியில் மாட்டிவிட்டு, பெருமூச்சு விட்டுக்கொண்டு படியேறுவான். "பதினாலு படி இறங்கி வந்ததுக்கு இந்தப் பாடா மாப்ள? நான் கடல் தாண்டிக் கெடந்தேன்" என்று என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். அந்த ஒரு மாதம் என் வீட்டில் சிரிப்புச் சத்தம் இருந்தது. அதற்காகவே அந்தப் பொய் எனக்குப் பிடித்துப் போயிற்று என்று இப்போது தோன்றுகிறது.

ஆடிப் பதினெட்டுக்கு என்னையும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குக் கூட்டிப் போனார்கள். படித்துறையில் கால் வைக்க இடமில்லை. காவிரியில் தண்ணீர் நிறையப் போனது. புதுத் தம்பதிகள் கல்யாண மாலையைப் பத்திரமாக வைத்திருந்து அன்றைக்குத்தான் ஆற்றில் விடுவார்களாம். வளவன் அந்தப் பிளாஸ்டிக் பையைப் பிரித்தான். மாலையில் நார்தான் மிச்சம். இரண்டு பேரும் சேர்ந்து விட்டார்கள். பிறகு தாலிக்கயிறு மாற்ற வேண்டும், அதைப் பெரியவர்கள் யாராவது செய்ய வேண்டும். யமுனா என்னைப் பார்த்தாள். எனக்குக் கை நீளவில்லை. பக்கத்தில் படையல் போட்டுக்கொண்டிருந்த லால்குடிக்கார அம்மா எழுந்து வந்து மஞ்சள் கயிற்றை மாற்றிவிட்டு, "அம்மா வரலியா கண்ணு?" என்று கேட்டாள்.

"வந்துக்கிட்டு இருக்காங்க" என்றாள் யமுனா.

எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், கொஞ்சம் மெதுவாக. நீரடித்து நீர் விலகுமா? பெற்றவர்களின் கோபம் ஒரு வருஷம் தாங்கினால் பெரிய விஷயம், பேரப்பிள்ளை ஒன்று வந்தால் ஓடி வருவார்கள். இப்படி நான் எத்தனை குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன் என்று அவளிடம் அடிக்கடி அளந்து விடுவேன். அவள் "ஆமாக்கா" என்பாள்.

தீபாவளி நெருங்கியது. தலைத் தீபாவளிதான் எல்லாவற்றிலும் பெரிது. ஜவுளிக்கடையில் தினமும் நாலைந்து அப்பாக்கள் வருவார்களாம். "பொண்ணுக்குத் தலைத் தீபாவளிம்மா, நல்லதா எடும்மா" என்பார்களாம். சில பேர், "என் பொண்ணு உன் நெறந்தான், உன் மேல போட்டுக் காட்டு" என்பார்களாம். யமுனா புடவையைத் தன் தோளில் போட்டுக் காட்டுவாள். அவர்கள் தலையைச் சாய்த்துப் பார்த்து, திருப்திப்பட்டு, பில் போடச் சொல்வார்கள். இதை ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். எனக்கு அந்தக் கடையைக் கொளுத்த வேண்டும் போல இருந்தது.

பானை வாங்கலாம், கரும்பு வாங்கலாம். தலைத் தீபாவளிக்கோ பெண்ணின் அப்பா தாம்பூலத் தட்டோடு நேரில் வந்து அழைக்க வேண்டும். அழைக்காமல் போகக் கூடாது. அப்பாவை எந்தக் கடையில் வாங்குவது? அவளும் யோசித்து யோசித்து, "அப்பாவுக்கு முட்டி வலி, பஸ் ஏற முடியல" என்று வளவனிடம் சொல்லிவிட்டாள்.

அவனுக்கு மலைக்காரனின் நேர்மையான மூளை. முட்டி வலி என்றால் முட்டி வலி. தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால், யமுனா கடைக்குப் போன பிறகு கீழே வந்தான்.

"அக்கா, வயசானவருக்குக் காலு முடியல, நாமளே போய் பாத்துட்டு வந்தா என்ன? என்னைப் பாத்தா வாங்கன்னு சொல்லாமலா இருப்பாரு? யமுனாகிட்ட சொல்லல. அழைப்போட வந்து சொன்னா எப்படி சந்தோசப்படுவா! தனியாப் போகத்தான் ஒரு மாதிரி இருக்கு. நீங்க கூட வாங்க."

நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். 'பானை வந்தது காந்தி மார்க்கெட்டிலிருந்து, முட்டி வலி என் புருஷனிடமிருந்து இரவல் வாங்கியது' என்று அங்கேயே போட்டு உடைத்திருக்க வேண்டும். உடைக்கவில்லை. வாசல் வரை போய் நின்றுவிட்டால் எந்த அப்பனும் துரத்த மாட்டான் என்று எனக்கு ஒரு திமிர். புர்காவை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். என் வீட்டுக்காரர் தன் முட்டி வலித் தைலத்தில் ஒரு பாட்டிலை எடுத்து, "சம்பந்தி மாதிரிதானே, குடுங்க" என்று வளவன் கையில் கொடுத்தார்.

திண்டுக்கல் பஸ்ஸில் ஏறி வையம்பட்டியில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனோம். வளவன் கையில் ஆப்பிள், ஹார்லிக்ஸ், தைலம். தெருவுக்குள் நுழைந்ததும் எண்ணெய் வாசனை தூக்கியடித்தது. வீட்டுக்கு வீடு முறுக்கும் அதிரசமும் வெந்துகொண்டிருந்தன. ஒரு வீட்டில் மட்டும் அடுப்பு எரியவில்லை, வாசலில் கோலம் இல்லை. அதற்கு அடுத்த வீட்டு வாசலில் ஓர் அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். சின்னையன் வீடு எது என்று அவளிடம் கேட்டேன்.

கோலமில்லாத வீட்டைக் காட்டினாள். "துக்கம் விசாரிக்க வந்தீங்களா? அவங்க இந்த வருசம் எண்ணெய்ச்சட்டி வைக்க மாட்டாங்க. செத்து வருசம் திரும்பல. நாங்கதான் பலகாரம் குடுக்கணும்."

"யாரு செத்தது?"

"பொண்ணுதான். ஒரே பொண்ணு, யமுனா."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. வளவன் அதற்குள் அந்த வீட்டு வாசலுக்குப் போய்விட்டான். உள்ளே சுவரில் யமுனாவின் படம். பள்ளிக்கூடச் சீருடையில் இரட்டைச் சடை, பிளாஸ்டிக் மாலை, மேலே சின்னச் சிவப்பு பல்பு. கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி போட்டிருந்தது. மறைவுக்குப் போட்டிருந்தது வயலூரில் இவர்கள் தாலி கட்டிக்கொண்ட தேதி. வளவன் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

சின்னையன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். முட்டியில் ஒரு குறையும் இல்லை. நல்ல நடை.

"வாங்கம்மா, உக்காருங்க. எங்கேருந்து வரீங்க?"

"திருச்சியிலேருந்து. யமுனா எங்க வீட்டு மாடியிலதான்..."

"யமுனா செத்துப் போச்சும்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், சண்டை போட எனக்குச் சொல்லித்தர வேண்டாம். மனிதர் உண்மையிலேயே பெண்ணைப் பறிகொடுத்தவர் போலக் களைத்திருந்தார். "வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார். பிறகு வளவனைப் பார்த்தார். "தம்பி யாரு?"

வளவன், "ஏசி மெக்கானிக்குங்க" என்றான்.

வீரம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். நாங்கள் வெளியே வந்து பத்தடி நடந்த பிறகு பின்னாலேயே வந்தாள்.

"அது நல்லா இருக்காம்மா?"

"நல்லா இருக்கு. ஒரு தடவை போன் பண்ணிப் பேசுங்களேன்."

"வேணாம்மா. எல்லாத்தையும் முறையா செஞ்சுக்கிட்டு வர்றாரு. பொங்கல் வெக்கல, தீபாவளி இல்ல. கார்த்திகையில திதி குடுத்துட்டு, படத்தையும் கழட்டிருவேன்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் அழக் கூடாதுன்னுருக்காரு. இப்ப படம் இருக்கு, நான் பாத்துக்கிட்டு இருக்கேன். இனிமே யாரும் வர வேணாம்னு சொல்லுங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

எங்களில் மவுத்தானவர்களுக்கே மூன்று நாளைக்கு மேல் துக்கம் கொண்டாடக் கூடாது. புருஷன் போனால்தான் மனைவிக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்ற துக்கக் காலம். உயிரோடு புடவை விற்றுக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு ஒரு வருஷமா? பஸ் மணப்பாறை தாண்டிய பிறகு வளவன் பேசினான்.

"அப்ப அந்தப் பானை?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பாலக்கரையில் இறங்கும்போது தைலப் பாட்டில் அவன் கையிலேயே இருந்தது.

அவன் யமுனாவிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை. மறுநாள் காலை அவள் கடைக்குக் கிளம்பும்போது என் அடுக்களைக்கு வந்தாள். மாடியில் தைலப் பாட்டிலையும் அவன் முகத்தையும் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள் போலிருக்கிறது.

"ஊருக்குப் போனீங்களாக்கா? எங்க வீட்ல எண்ணெய்ச்சட்டி வெச்சிருந்தாங்களா?"

கரண்டி என் கையிலிருந்து விழுந்தது. "உனக்குத் தெரியுமா?"

"கல்யாணமான நாலாம் நாளே கண்ணீர் அஞ்சலி போஸ்டரை என்கூடப் படிச்ச பொண்ணு போன்ல அனுப்பிட்டா. நான் அழிச்சிட்டேன். அவருக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரு."

"அடிப்பாவி! தெரிஞ்சுக்கிட்டா பானை வாங்கின?"

"செத்துப் போனதா நெனச்சா அழுவாங்கல்லக்கா. ஒரு வருசம் அழுதா மனசு எளகும்னு நெனச்சேன். வருசம் திரும்பறதுக்குள்ள கூப்பிடுவாங்கன்னு நெனச்சேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று ஓடினாள். அன்றைக்கும் அப்பாக்கள் வந்திருப்பார்கள். தோளில் போட்டுக் காட்டியிருப்பாள்.

தீபாவளி அன்று கடை லீவு. விடிகாலையிலேயே மாடியில் எண்ணெய் காயும் வாசனை வந்தது. இரண்டு பேரும் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்திருந்தார்கள். வளவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு அதிரச மாவைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான். எட்டு மணிக்கு யமுனா ஓர் எவர்சில்வர் டப்பாவோடு கீழே வந்தாள்.

"அக்கா, துக்க வீட்டுக்கு வெளியாளுங்கதான் பலகாரம் குடுக்கணும். நான் குடுத்தா வாங்க மாட்டாங்க. உங்க பேருல குடுத்துட்டு வாங்கக்கா."

"உன் துக்கத்துக்கு நீயே சுட்ட பலகாரமா? உனக்குப் பைத்தியமா புள்ள?"

"இன்னிக்கு என் தலைத் தீபாவளிக்கா. என் கையால செஞ்சது எங்கப்பா வாயில போகணும். வேற ஒண்ணும் வேணாம்."

போனேன். வேறு என்ன செய்ய? அந்த வீட்டு வாசலில் நின்று, "திருச்சியில எங்க வீட்டுப் பலகாரம்" என்றேன். சின்னையன் இரண்டு கையாலும் வாங்கினார். அதிரசத்தை ஒரு தட்டில் அடுக்கி, படத்துக்கு முன்னால் வைத்து, சூடம் காட்டினார். கண் கலங்கக் கும்பிட்டார். பிறகு ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "எம் பொண்ணுக்கு அதிரசம்னா உசுரும்மா" என்று என்னிடம் சொன்னார். வீரம்மாள் சுவரோரம் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். 'அவள் சுட்டதுதான்யா இது' என்று கத்த வாய் வந்தது. கத்தினால் அதையும் துப்பிவிடுவார் என்று அடக்கிக்கொண்டேன். துக்க வீட்டிலிருந்து எதுவும் போட்டு அனுப்பக் கூடாது என்று காலி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பாலக்கரை வந்து சேர மூன்று மணி ஆகிவிட்டது. தெருவெல்லாம் வெடிக் காகிதம். இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்கிட்டாங்களாக்கா?"

"வாங்கிட்டாங்க. உன் படத்துக்குத்தான் படைச்சாங்க."

"அப்பா சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரு."

"எத்தனை?"

"ஒண்ணு. நான் கிளம்பறப்போ இன்னொண்ணு எடுத்தாரு."

யமுனா டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வளவன் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். அவள் சொன்னாள்:

"அப்ப கார்த்திகையில திதிக்கும் சுட்டுத் தரேன்க்கா. படத்தைக் கழட்டறதுக்குள்ள இன்னொரு தடவை சாப்பிடுவாரு."

நான் திட்டினேன். எனக்குத் தெரிந்த வசவு எல்லாவற்றையும் சொல்லித் திட்டினேன். அவள் எழுந்துபோய் டப்பாவைக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தாள்.